மணப்பெண் அலங்காரம்: முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி

மணப்பெண் அலங்காரத்துக்கு நாள் குறிப்பதும் நேரம் குறிப்பதும் முகூர்த்தம்தான். திருவண்ணாமலை வட்டாரத்தில் பெரும்பாலும் வரவேற்பு முதல்நாள் மாலையே நடந்துவிடுகிறது. தாலி கட்டுவது மறுநாள் காலை. பத்திரிகையில் ‘4.30 முதல் 6.00 மணிக்குள்’ என்று அச்சாகியிருந்தால், பெண் ஒன்றரை மணிக்கே எழுந்து தலைக்குக் குளித்தாக வேண்டும். வரவேற்பு மேடையில் கடைசி உறவினர் படம் எடுத்துக்கொண்டு இறங்கும்போதோ இரவு பத்தரை, பதினொன்று ஆகிவிடும். இரண்டு முழு ஒப்பனைகளுக்கு நடுவே இரண்டு மணி நேரத் தூக்கம். அதைச் சரிக்கட்டும் க்ரீம் எந்தக் கடையிலும் கிடையாது. எனவே முன்கூட்டி முடிக்கக்கூடியதை எல்லாம் முடித்து, அந்தப் பின்னிரவுக்கு வேலையைக் குறைத்து வைப்பதே நல்ல ஏற்பாடு.

இந்த ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பௌர்ணமி கிரிவலம், கார்த்திகை தீபத் திருவிழா ஆகிய நாட்களில் சாலைகளில் வண்டி நகராது, விடுதிகளில் அறை கிடைக்காது. சென்னையிலிருந்தோ வேலூரிலிருந்தோ ஒப்பனைக் கலைஞரை வரவழைக்கும் குடும்பங்கள் முகூர்த்தத்தைக் குறிக்கும்போதே பௌர்ணமியையும் பார்த்துக்கொள்கின்றன.

சருமத்துக்கான வேலை இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்குகிறது. வீட்டு வழக்கத்தில் அது நலங்கு மாவு: பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ், கார்போக அரிசி. இவற்றை வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்து, குளிக்கும்போது தேய்த்துக்கொள்வார்கள். சோப்பைப் போலச் சருமத்தை வறட்டாமல் அழுக்கை எடுக்கும் என்பதே இதன் பயன். நிறத்தை மாற்றும் சக்தி இதற்கு இல்லை. கஸ்தூரி மஞ்சள் வாங்கும்போது கவனம் தேவை. உள்ளே வெளிர் நிறமும் கற்பூரம் கலந்தாற்போன்ற மணமும் உடையது அது. சமையல் மஞ்சளைப் போலத் தோலில் கறை பிடிக்காது. அந்தப் பெயரில் வேறு மஞ்சள் வகைகளும் சந்தையில் விற்கப்படுகின்றன.

உண்மையான ஆபத்து நலங்கு மாவில் இல்லை, மருந்துக் கடை ட்யூபில் இருக்கிறது. ‘கல்யாணத்துக்குள் கொஞ்சம் நிறமாகிவிடணும்’ என்ற ஆசைக்குத் தோழி ஒருத்தியோ கடைக்காரரோ எடுத்துக் கொடுக்கும் க்ரீம்கள் பலவற்றில் பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கின்றன. முதல் சில வாரங்கள் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் வெளித்தெரியும், பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும். அதற்குப் பயந்து மறுபடியும் அதையே பூசுவார்கள். சுழல் அப்படித்தான் இறுகுகிறது. 2018இல் மத்திய அரசு இத்தகைய பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. லேபிள் சரியாக இல்லாத வெளிநாட்டு ‘வெண்மை’ க்ரீம்களில் பாதரசம் கலந்திருப்பதும் உண்டு. அது சிறுநீரகத்தைத் தாக்கும். 1975இல் அறிமுகமான ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆகிவிட்டது. பெயரில் நடந்த மாற்றம் கல்யாண வீட்டுப் பேச்சில் இன்னும் நடக்கவில்லை.

பரு, மங்கு போன்றவை இருந்தால் தோல் மருத்துவரைப் பார்ப்பதற்கும் இந்த இரண்டு, மூன்று மாத இடைவெளி போதும். முன்பு செய்து பழகாத ஃபேஷியல், ப்ளீச், வாக்சிங் எதையும் கடைசி வாரத்தில் தொடங்கக் கூடாது. ஒவ்வாமை வந்தால் அது தணியவே பல நாள் ஆகும். ஒப்பனைக் கலைஞர் ‘டிரயல்’ பார்க்கும்போதே பவுண்டேஷன், கண் பசை, லிப்ஸ்டிக் எல்லாவற்றையும் காதின் பின்புறமோ முழங்கை மடிப்பிலோ தடவி இரண்டு நாள் கவனித்துவிடுவது நல்லது.

பந்தக்கால் நட்டதும் நலங்கு தொடங்குகிறது. பெண்ணை மணையில் உட்காரவைத்து, சுமங்கலிகள் ஒவ்வொருவராக மஞ்சளும் சந்தனமும் பூசி, குங்குமம் வைத்து, ஆரத்தி சுற்றுகிறார்கள். மணப்பெண்ணை மூத்த பெண்கள் கூடி நீராட்டும் வழக்கம் மிகப் பழையது. அகநானூற்றின் 86ஆம் பாட்டில், மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளைக் குளிப்பாட்டுகிறார்கள். அந்தத் திருமணத்தில் வேள்வித் தீயோ தாலியோ பேசப்படவில்லை. நீராட்டு மட்டும் இன்றைய மங்கள ஸ்நானம் வரை வந்திருக்கிறது. நலங்கில் ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் உண்டு: கடைசி நாளில் முகத்தில் சமையல் மஞ்சளை அப்பிவிட்டால் மஞ்சள் படிந்து, டிரயலில் பொருத்தம் பார்த்த பவுண்டேஷன் அன்று பொருந்தாது. கன்னத்தில் தொட்டு வைத்துவிட்டு, மீதியைக் கைகால்களுக்குப் பூசச் சொல்வது அத்தைமார்களுக்குக் கொஞ்சம் வருத்தம் தரலாம்.

மருதாணியின் கணக்கும் முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கியே. இலையில் உள்ள லாசோன் என்ற சாயப்பொருள் தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டினோடு பிணைகிறது. கழுவி எடுத்தவுடன் ஆரஞ்சாகத் தெரியும் நிறம், அடுத்த இரண்டு நாளில் காற்றுப் பட்டுத்தான் அரக்குச் சிவப்பாக ஏறும். எனவே முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு இடுவதே சரி. உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்திருப்பதால் அங்கே நன்றாகச் சிவக்கும். புறங்கை அந்த அளவுக்கு வராது. நன்றாகச் சிவந்தால் ‘மாமியார் பாசம்’ என்று கேலி பேசுவதெல்லாம் இந்தத் தோல் தடிமனைத்தான். சில மணி நேரத்தில் கருகருவென்று பிடிக்கும் ‘கறுப்பு மெஹந்தி’யில் முடிச்சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்ற வேதிப்பொருள் இருக்கக்கூடும். அது தோலைக் கொப்பளிக்க வைத்துத் தழும்பையும் விட்டுப்போகும். இயற்கை மருதாணி ஒருபோதும் கறுப்பாகப் பிடிப்பதில்லை.

முகூர்த்தப் புடவைக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு இதே மாவட்டத்தில் நெய்யப்படுகிறது. காஞ்சிபுரம் போகிறவர்கள்தான் அதிகம் என்பது வேறு விஷயம். ஆரி வேலைப்பாட்டு ரவிக்கைக்கு எம்பிராய்டரி, தையல், அளவு திருத்தம் எல்லாம் சேர்த்துப் பல வாரம் வேண்டும் என்பதால் புடவையை முதலில் எடுத்துவிட வேண்டும். இப்போது புடவையை முன்கூட்டியே மடிப்பெடுத்து, இஸ்திரி போட்டு, க்ளிப் குத்திப் பெட்டியில் வைத்துத் தரும் ‘ப்ரீ ப்ளீட்டிங்’ வழக்கமாகிவிட்டது. விடிகாலையில் புடவை கட்டும் நேரத்தை நன்றாகக் குறைப்பது இதுதான்.

ஈரத் தலையில் ஜடை நிற்காது. எனவே குளித்தவுடன் முடியை உலர்த்துவது முதல் வேலை. சவுரி சேர்த்துப் பின்னிய நீண்ட ஜடையில் மேலே ராக்கொடி, அதன்கீழ் ஜடைநாகம் அல்லது ஜடை பில்லை, நுனியில் குஞ்சலம் என்று அடுக்கு இறங்கும். நெற்றிச்சுட்டி, சூரியபிரபை, சந்திரபிரபை, ஒட்டியாணம், வங்கி ஆகியவை கோயில் அம்மனுக்கும் பரதநாட்டியக் கலைஞருக்கும் மணப்பெண்ணுக்கும் பொதுவானவை. பங்குனி உத்திரத் திருக்கல்யாணத்தில் அண்ணாமலையார் கோயிலின் உண்ணாமுலையம்மனும் மணப்பெண் கோலம் கொள்கிறாள். இவ்வகை நகைகளுக்கு நாகர்கோவிலிலுள்ள வடசேரி பேர்போனது. ஒருநாள் தேவைக்குச் செட் நகையை வாடகைக்கு எடுப்பதில் இப்போது யாருக்கும் கூச்சமில்லை. பூவுக்குத்தான் பருவம் உண்டு. வெயில் காலத்தில் கொட்டிக்கிடக்கும் மல்லி, பனி விழும் தை முகூர்த்தங்களில் அரிதாகி விலை எகிறும். அப்போது காக்கடாவும் கனகாம்பரமும் கைகொடுக்கும்.

முக ஒப்பனை தலை அலங்காரத்துக்குப் பின்னோ, இரண்டு பேர் சேர்ந்து ஒரே நேரத்திலோ நடக்கும். ஈரப்பத க்ரீம், ப்ரைமர், பவுண்டேஷன், கரும்புள்ளி மறைக்கும் கன்சீலர், பவுடர், கண், உதடு என்பது வழக்கமான வரிசை. பவுண்டேஷனின் நிறம் கழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு படி வெளுப்பாகப் போட்டால் நேரில் ஏமாற்றலாம், ஃப்ளாஷ் வெளிச்சத்தில் முகம் சாம்பல் பூத்துவிடும். சிலிக்காவும் டைட்டானியம் டை ஆக்சைடும் மிகுந்த பவுடர்கள் அந்த ஒளியைத் திருப்பி அனுப்புவதும் ஒரு காரணம். ஹோமப் புகையும் தாய்வீட்டைப் பிரியும் கண்ணீரும் நிச்சயம் என்பதால், மையும் மஸ்காராவும் தண்ணீருக்குக் கரையாத வகையாக இருக்க வேண்டும். நெற்றிப்பொட்டுப் பசையில் கலக்கும் ஒருவகை வேதிப்பொருள் சிலருக்கு அந்த இடத்தில் வெண்திட்டை உண்டாக்குகிறது. அப்படிப்பட்டவர்கள் தரமான குங்குமத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

மண்டபத்தில் தாலி கட்டினாலும் அண்ணாமலையாரைத் தரிசிக்க மணமக்கள் கோயிலுக்குப் போவது வழக்கம். செருப்பில்லாமல் கல்தளத்தில் நடக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாதம் சுடும். புடவையைத் தரை தொடாத உயரத்தில் கட்டுவதும், கனமான மாலைகளையும் ஒட்டியாணத்தையும் மண்டபத்திலேயே கழற்றிவிட்டுப் புறப்படுவதும் பெண்ணுக்கு மூச்சுவிட இடம் தரும்.

தரிசனம் முடிந்து திரும்பியதும் ஒப்பனையைக் கலைக்க வேண்டும். தண்ணீருக்குக் கரையாத ஒப்பனை வெறும் சோப்புக்கும் கரையாது. தேங்காய் எண்ணெயோ க்ளென்சிங் பாமோ தடவித் துடைத்து, பிறகு முகம் கழுவ வேண்டும். ஹேர் ஸ்ப்ரே போட்ட முடியைச் சீப்பால் இழுக்காமல், ஊசிகளை எண்ணி எடுத்துவிட்டு, எண்ணெய் வைத்து ஊறவிட்டு அலச வேண்டும். இரவல் நகையைப் பட்டியலோடு சரிபார்த்து அன்றே பெட்டியில் வைப்பது பெரும்பாலும் அக்காவின் வேலை.