மறையாக்க வட்டும் மீட்புத் திறவுகோலும்: கோவிலூர் வட்டார ஆவண ஆய்வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினி வட்டிலுள்ள தரவுகளைப் பிறர் படிக்க இயலாதவாறு காப்பது மறையாக்கம். மீட்புத் திறவுகோல் தொலைந்துவிடின், அதே காப்பு உரியவரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. விண்டோசு இயங்குதளத்தின் பிட்லாக்கர் மறையாக்கம் செயற்படும் முறை, திறவுகோலைத் தேடும் வழிகள், சிதைந்த திறவுகோலைச் சரிசெய்யும் கணக்கு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மறையாக்கம், பிட்லாக்கர், மீட்புத் திறவுகோல், மின்படி, ஆவணக் காப்பு.

முன்னுரை

காரைக்குடியை அடுத்த கோவிலூர், தமிழ்வழி வேதாந்தக் கல்விக்குப் பெயர்பெற்ற மடாலயத்தைக் கொண்டது. அவ்வட்டாரத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களும் இதழ்களுமே, சென்னையில் 1994-இல் உருவான ஆராய்ச்சி நூலகத்திற்கு அடிப்படையாயின. ஓலையும் தாளும் நிறைந்த இத்தகைய ஊர்களில் களப்பணி செய்வோர், இன்று தம் படிகளை மடிக்கணினியிலேயே சேர்க்கின்றனர். கறையான் அரித்த சுவடியில் எஞ்சிய ஏடுகளையேனும் படிக்கலாம். திறவுகோல் இழந்த வட்டிலோ ஒரு வரியும் எஞ்சாது.

பூட்டு விழும் காரணங்கள்

பிட்லாக்கர் 2007-இல் வெளியான விண்டோசு விஸ்டாவுடன் அறிமுகமாயிற்று. வட்டைத் திறப்பதற்குரிய மறைபொருளைத் தாய்ப்பலகையிலுள்ள டி.பி.எம். என்னும் பாதுகாப்புச் சில்லு காத்து வைக்கிறது. கணினி வழக்கமான முறையில் தொடங்கினால் மட்டுமே சில்லு அதனை வெளியிடும். பயாஸ் புதுப்பிப்பு, தொடக்க அமைப்பு மாற்றம், தாய்ப்பலகை மாற்றம் போன்றவை நிகழ்ந்தால், மீட்புத் திறவுகோல் கேட்கப்படும். 2024-இல் வெளியான விண்டோசு 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவும்போது, பல கணினிகளில் மறையாக்கம் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. ஆகவே, தம் வட்டு பூட்டத்தக்கது என்பதையே பயனர் அறியாதிருத்தல் கூடும்.

2024 சூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோசுக் கணினிகள் செயலிழந்ததாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான அனுமதிச்சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. பிழைக்கோப்பை நீக்குதல் எளிது. எனினும் மறையாக்கம் பெற்ற கணினிகளில் அதற்கும் மீட்புத் திறவுகோல் தேவைப்பட்டது.

தேட வேண்டிய இடங்கள்

மீட்புத் திரையில் தோன்றும் அடையாள எண்ணை முதலில் குறித்துக்கொள்ளல் வேண்டும். அதனோடு பொருந்தும் திறவுகோலைப் பின்வரும் இடங்களில் தேடலாம்:

1. கணினியை முதன்முதலில் அமைத்தவரின் மைக்ரோசாப்ட் கணக்கு. அவர் உறவினராகவோ விற்பனையாளராகவோ இருத்தல் கூடும்.
2. பல்கலைக்கழக அல்லது கல்லூரிக் கணக்கு. நிறுவனக் கணினிப் பிரிவின் பதிவேடு.
3. அச்சிட்ட தாள், விரலி, பிற கணினியிலுள்ள உரைக்கோப்பு.

அண்மையில் பயாஸ் அமைப்பு மாற்றப்பட்டிருப்பின், அதனைப் பழைய நிலைக்குத் திருப்பினால் சில்லே வட்டைத் திறந்துவிடக்கூடும். வட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைப்பதால் பயனில்லை. வடிவமைப்புச் செய்தால் தரவு அழியும். தொலைந்த திறவுகோலை மைக்ரோசாப்ட் நிறுவனமும் உருவாக்கித் தர இயலாது.

சிதைந்த திறவுகோல்

மீட்புத் திறவுகோல் 48 இலக்கங்கள் கொண்டது; ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். ஆதலால் தாளில் ஓரிலக்கம் அழிந்திருப்பினும் அதனைக் கணித்தறியலாம். சான்றாக, 123?56 என்னும் தொகுதியில் 11-ஆல் வகுபடச் செய்யும் இலக்கம் 1 மட்டுமே (123156 ÷ 11 = 11196). ஒரு தொகுதி முழுதும் அழிந்தாலும் 65,536 வாய்ப்புகளே உள்ளன. எட்டுத் தொகுதிகளும் தொலைந்தாலோ வாய்ப்புகள் 2-இன் 128-ஆம் அடுக்காகும். விநாடிக்கு ஓர் இலட்சம் கோடி வீதம் முயன்றாலும், அனைத்தையும் சோதிக்கப் பேரண்டத்தின் வயதைப்போல் 70 கோடி மடங்குக்கும் மேற்பட்ட காலம் வேண்டும். எனவே மங்கிய தாளையும் எறிந்துவிடலாகாது.

முடிவுரை

திறவுகோலைத் தேடிக் கண்டறியலாம்; சிறிதளவு சிதைந்ததைச் சரிசெய்யலாம்; முற்றும் இழந்ததை ஊகித்தறிய இயலாது. ஆகவே, வட்டு திறந்திருக்கும்போதே திறவுகோலை அச்சிட்டு, கணினியினின்று வேறான இடத்தில் வைத்தல் வேண்டும். ஆய்வு முடிந்து வெளியேறுவோர், தம் நிறுவனக் கணக்கு மூடப்படுமுன் அதனைப் படியெடுத்தல் வேண்டும். ஆய்வு மையங்கள் திறவுகோல் பதிவேடு ஒன்றைப் பேணுதல் நலம். இவற்றோடு, தரவின் இரண்டாம் படி வேறோர் இடத்தில் இருப்பின், திறவுகோல் தொலைந்தாலும் களப்பணி வீணாகாது.