பலம் எந்தத் திசையில்?

விமானத்துக்கு எந்த அலுமினியம் நல்லது என்று கேட்கும் நண்பர்கள், கூடிய பலமுள்ளதே என்ற பதிலைத்தான் என்னிடம் எதிர்பார்க்கிறார்கள். அச்சிலிட்டு அடித்து உருவாக்கிய பாகங்களைப் பரிசோதிப்பது என் தொழில். அந்தப் பதிலோடு எனக்கு உடன்பாடில்லை.

நாகம், மக்னீசியம், செம்பு சேர்ந்த கலப்புலோகங்களே அலுமினிய வகைகளுள் மிகப் பலமானவை. யப்பானின் சுமிட்டோமோ நிறுவனம் 1936இல் உருவாக்கிய ஒன்று ஸீரோ போர்விமானத்தில் இடம்பெற்றது. அமெரிக்காவின் 7075 வந்தது 1943இல். 120 பாகை செல்சியசில் 24 மணிநேரம் வைத்து உச்சப் பலத்துக்குக் கொண்டுவந்தால் (இப்பதத்தின் பெயர் ரி6) அது 500 மெகாபஸ்காலுக்கு மேல் தாங்கும். ஆனால் இது இழுத்து முறிக்கும் பரிசோதனையில் சில நிமிடங்களில் கிடைக்கும் எண்.

அச்சுக்குள் அடிபடும் உலோகத்தின் மணிகள் மரத்தின் நார்போல நீண்டு கிடக்கின்றன. நாரின் வழியே மரம் எவ்வளவு இலகுவாகப் பிளக்கும் என்பது விறகு கொத்தியவர்களுக்குத் தெரியும். ஈரக்காற்றும் நீடித்த இழுவிசையும் சேர்ந்தால், மணிகளின் எல்லையோரமாக வெடிப்பு ஊரத் தொடங்குகிறது. நாருக்குக் குறுக்கே, பாகத்தின் தடிப்புத் திசையில், 7075-ரி6 நீண்டகாலம் தாங்கக்கூடியது ஏறத்தாழ 50 மெகாபஸ்கால் மட்டுமே. பத்தில் ஒன்று! அதற்கு விமானம் பறக்கவே வேண்டியதில்லை. சூடான பாகத்தை நீரில் அமிழ்த்தியபோது உள்ளே தங்கிவிட்ட தகைப்போ, துளைக்குள் இறுக்கிச் செருகிய ஒரு புஷ்ஷோ போதும். நிறுத்திவைத்த விமானத்தின் பாகத்திலும் வெடிப்பு வளர்வது இதனால்தான். அச்சின் இரு பாதிகளும் சந்திக்கும் கோட்டில் நார் வெளிப்புறம் திரும்பி முனைகாட்டி நிற்கும். நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தையே.

1950களில் தடித்த பாகங்களுக்கென்று 7079-ரி6 வந்தது. அதில் வெடிப்பு இன்னும் வேகமாக ஓடியது. புதிய வடிவமைப்புகளில் இன்று அதற்கு இடமில்லை.

1960களில் கண்ட வழி, 160 பாகைக்கு மேல் இரண்டாம் முறை சூடேற்றி, வேண்டுமென்றே உச்சத்தைத் தாண்டவிடுவது. ரி73 எனப்படும் இப்பதத்தில் பலம் 10 முதல் 15 வீதம் குறைகிறது. தடிப்புத் திசையில் நீண்டகாலம் தாங்குவதோ 300 மெகாபஸ்காலை நெருங்குகிறது. தடிப்பு 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் 7075 சரிவராது, நடுப்பகுதி மெதுவாகக் குளிர்ந்து பலம் குன்றிவிடும். அங்கே, 1970களில் வந்த, குரோமியத்துக்குப் பதிலாக சிர்க்கோனியம் கொண்ட 7050ஐ ரி74 பதத்தில் கேட்பேன்.

பலம் குறைந்த அளவுக்குப் பாரம் கூடுமே என்று வடிவமைப்பாளர்கள் முறைப்பார்கள். அவ்வளவு கூடுவதில்லை. பல பாகங்களின் தடிப்பை நிர்ணயிப்பது பலமல்ல, விறைப்பு; விறைப்போ எல்லாப் பதங்களிலும் ஒன்றுதான்.