கணக்கேட்டை யாரிடம் காட்டுவது?

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு மாலை வேளை, நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னைக் காண வந்தார். இரும்புக் கதவும் சன்னல் கம்பியும் செய்யும் சிறு வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். "சுவாமி, வேலைக்குக் குறைவில்லை, ஆனால் கையில் காசு நிற்பதில்லை. வங்கி மேலாளருக்கு நீங்கள் ஒரு கடிதம் தர வேண்டும்" என்றார். கடிதம் எழுதுவது எளிது. ஆயினும் கடன் அவருடைய நோய்க்கு மருந்தாகுமா என்று அறியும் ஆற்றல் எனக்கில்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்றோமேயன்றி இலாப நட்டக் கணக்குக் கற்றோமில்லை! தொழில் அறிந்த மூத்தவர் ஒருவரின் துணை அவருக்கு வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புலப்பட்டது.

அப்போது ஸ்பெயின் நாட்டுக் குருவானவர் ஒருவரின் நினைவு வந்தது. ஹோசே மரியா அரிஸ்மென்டியரியெட்டா என்னும் அவர், 1941-இல் பாஸ்க் பகுதியிலுள்ள மொந்திராகோன் என்ற சிற்றூருக்கு உதவிப் பங்குக் குருவாக வந்து, 1943-இல் அங்கே ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளியில் பயின்ற ஐவர் 1956-இல் மண்ணெண்ணெய் அடுப்புச் செய்யும் தொழிற்கூடம் ஒன்றை நிறுவினர். இடையே சென்ற பதின்மூன்று ஆண்டுகளை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் முதல் போடுவதற்கு முன்பே நெடுங்காலம் தம் வழிகாட்டியோடு அமர்ந்து படித்தனர், வாதிட்டனர். நம்மவரோ கடன் தவணை தவறிய பின்னரே ஆலோசகரைத் தேடுகின்றனர்.

அக்குருவானவர் அத்தொழிற்கூடத்தில் நிர்வாகப் பதவி எதையும் ஏற்கவில்லை. கருத்தைச் சொல்வார், முடிவு ஐவருடையது. தொழிலாளருக்கென ஒரு கூட்டுறவு வங்கி வேண்டும் என்று அவர் சொன்னபோது, "நேற்றுவரை பட்டறையில் நின்றோம், இன்றுதான் நிர்வாகம் பழகுகிறோம், நாளைக்கு வங்கியாளராவதா?" என்னும் பொருள்பட அவர்கள் மறுத்தனர். அவர் சினந்து விலகவுமில்லை, கருத்தைக் கைவிடவுமில்லை. 1959-இல் அவ்வங்கி பிறந்தது. பின்னர்த் தோன்றிய பல கூட்டுறவுத் தொழில்களுக்கு அதுவே முதுகெலும்பாயிற்று. அவர் 1976-இல் இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். ஐவர் தொடங்கிய தொழிலின் வழிவந்த வீட்டுச் சாதன நிறுவனம் 2013-இல் நொடித்துப்போனதையும் மறைப்பதற்கில்லை. ஏனைய கூட்டுறவுகள் இன்றும் இயங்குகின்றன.

இத்தகையவரை எங்கே காண்பது? நம் நாட்டில் 1992-இல் தோன்றிய பாரதீய யுவ சக்தி டிரஸ்ட், இளந்தொழில் முனைவோருக்கு வழிகாட்டிகளை அமர்த்தித் தருகிறது. அவ்வளவு தூரம் செல்லாமலும் தேடலாம். அதே தொழிலில் பழுத்தவராக இருக்கட்டும். ஆனால் அதே தெருவில் கடை வைத்திருப்பவர் வேண்டாம். கடன் கொடுத்தவரும் வேண்டாம். அவர் கண் தம் பணத்தின்மேல்தான் இருக்கும். உறவினரைப் பற்றி நான் சொல்லாமலே விளங்கும்.

கிடைத்தபின் வெறுங்கையோடு செல்லலாகாது. கணக்கேடு கையில் இருக்க வேண்டும். மறைத்த கடனும் அதில் இருக்க வேண்டும். சென்றமுறை சொன்னதைச் செய்தோமா, இல்லையெனில் ஏன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மூத்தவர் சலித்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

நம் இளைஞருக்குப் பக்கத்து ஊரில் பட்டறை நடத்தி ஓய்வுபெற்ற இந்துப் பெரியவர் ஒருவர் வாய்த்தார். கணக்கேட்டைப் புரட்டியவர் கேட்ட முதற்கேள்வி: "தம்பி, இதில் உன் கூலி எங்கே?" இரும்பு, மின்சாரம், உதவியாளின் சம்பளம் எல்லாம் இருந்தன; பட்டறைக்காரரின் உழைப்புக்கு ஒரு வரிகூட இல்லை. கதவுக்கு விலை சொன்னபோதெல்லாம் தம் கூலியை அவர் இனாமாகவே கொடுத்து வந்திருக்கிறார்! விலையை உயர்த்தியதும் இரண்டு வாடிக்கையாளர்கள் விலகினர், மற்றவர்கள் நின்றனர். வங்கிக் கடிதத்தை அவர் பிறகு என்னிடம் கேட்கவில்லை. மாதத்தின் முதற்சனிக்கிழமை மாலையில், கணக்கேட்டை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு அப்பெரியவர் வீட்டுக்குப் போகிறார்.