சுரங்க வேலைக்குப் பிள்ளையை அனுப்பும் முன்



கம்பெனி வேலை நம் பகுதிக்குப் புதிதல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலையிலோ ரோலிங் மில்லிலோ ஷிப்ட் பார்த்தவர் நம் ஜமாஅத்தில் பலர் உண்டு. ஆனால் அண்மையில் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்த ஒரு தாய் வேறொரு கேள்வி கேட்டார். "மகன் ஐ.டி.ஐ. முடித்திருக்கிறான். நெய்வேலி சுரங்கத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், முன்பணம் கேட்கிறார். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா பாய்?" அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த இடம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். நெய்வேலி கடலூர் மாவட்டத்தில், சென்னையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது வெளிப்பட்ட கரிய பொருள்தான் பழுப்பு நிலக்கரி. அதை எடுக்க 1956-இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம் இன்று என்.எல்.சி. இந்தியா என்ற பெயரில் இயங்குகிறது.

சுரங்கம் என்றதும் பூமிக்கடியில் இருட்டுக் குகையை நினைக்கிறோம். நெய்வேலியில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம். மேல்மண்ணையும் பாறையையும் நீக்கி, கீழே இருக்கும் நிலக்கரியை எடுக்கிறார்கள். பல மாடி உயரமுள்ள சக்கர இயந்திரங்கள் வாளி வாளியாக மண்ணை வெட்டுகின்றன; கன்வேயர் பெல்ட் அதைச் சுமந்து செல்கிறது. கடினமான பாறையை வெடி வைத்துத் தளர்த்துகிறார்கள். நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்துடன் நிலத்தடி நீர் இருப்பதால் இரவும் பகலும் பம்பு ஓடியாக வேண்டும். எனவே இயந்திரம் ஓட்டுபவரைப் போலவே ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர், பம்பு பார்ப்பவர், பெல்ட்டுக்கு அடியில் சிதறியதை அள்ளுபவர் என்று பலருக்கும் அங்கே வேலை உண்டு. மூன்று ஷிப்ட். வெயிலுக்கும் மழைக்கும் கூரை கிடையாது.

ஆபத்து எங்கே இருக்கிறது? முதலாவது, ஓடும் பெல்ட். தொங்கும் துண்டோ தளர்ந்த சட்டைக் கையோ உருளையில் மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். பெல்ட் ஓரமாக நெடுகக் கட்டியிருக்கும் அவசரக் கயிற்றை இழுத்தால் பெல்ட் நிற்கும். வேலைக்குப் போகும் முதல் நாளே அது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, தூசி. பாறைத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும். பல ஆண்டு கழித்தே தெரியும். முழுமையாகக் குணப்படுத்த மருந்து இல்லை. கல் குவாரி, கிரஷர் வேலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முகத்தில் கைக்குட்டை கட்டுவது போதாது. அதற்குரிய முகக்கவசம் வேண்டும்.

இவ்வளவும் சொன்னது பயமுறுத்த அல்ல. அந்தத் தாயிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "உங்கள் மகனுக்குச் சம்பளம் தரப்போவது யார்?" நிரந்தர ஊழியருக்குக் குடியிருப்பும் நிறுவன மருத்துவமனையும் உண்டு. அதே இடத்தில் அதே தூசியில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதலாளி காண்ட்ராக்டர். தங்களை நிரந்தரமாக்கக் கோரி ஒப்பந்தத் தொழிலாளர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். "நெய்வேலியில் வேலை" என்ற ஒரே சொல்லுக்குள் இப்படி இரண்டு வேறு வாழ்க்கைகள் இருக்கின்றன.

நிரந்தர வேலையும் அப்ரண்டிஸ் பயிற்சியும் நிறுவனமே அறிவிப்பு வெளியிட்டு ஆள் எடுப்பவை. அவற்றுக்கு இடைத்தரகர் தேவையில்லை. அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தவருக்கு அங்கேயே வேலை என்ற உத்தரவாதமும் இல்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் நம் சிப்காட்டிலும் வெளிநாட்டிலும் மதிப்புள்ளது. ஆகவே முன்பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

ஒப்பந்த வேலைக்கே போவதானால், புறப்படும் முன் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்:

1. காண்ட்ராக்டரின் பெயர், முகவரி என்ன? நியமனக் கடிதம் எழுத்தில் தருகிறாரா?

2. சம்பளம் வங்கிக் கணக்கில் வருமா? பி.எஃப். எண் உண்டா?

3. விபத்து நேர்ந்தால் எந்தக் காப்பீடு? இ.எஸ்.ஐ. உண்டா?

4. வேலைக்கு முன் மருத்துவப் பரிசோதனையும் பாதுகாப்புப் பயிற்சியும் தருகிறார்களா? மார்பு எக்ஸ்ரேயின் நகலை வீட்டில் வைத்திருங்கள். நாளை நோய் வந்தால், வேலைக்குச் சேர்ந்தபோது நுரையீரல் நன்றாக இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

5. மகனுக்கு 18 வயது நிறைந்துவிட்டதா? நிறையாதவரைச் சுரங்கத்தில் வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம்.

வாரத்துக்கு 48 மணி நேரமே சாதாரண வேலை. அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி. விபத்துக்கும், சிலிகோசிஸ் போன்ற தொழில்சார் நோய்க்கும் இழப்பீடு கோரலாம். அதற்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு. துக்கத்தில் இருந்து நாளைக் கடத்திவிடக் கூடாது. சுரங்கப் பாதுகாப்பைக் கண்காணிப்பது தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம்.

மார்க்கக் கடமை பற்றியும் கேட்கிறார்கள். ஷிப்ட் வேலையிலும் தொழுகைக்குச் சில நிமிடம் கிடைக்கும். சேரும்போதே மேற்பார்வையாளரிடம் சொல்லி வைப்பது நல்லது. இயந்திரத்தை விட்டு அகல முடியாமல் ஜும்ஆ தவறினால் லுஹர் தொழ வேண்டும். கடும் வெயிலில் நோன்பு உயிருக்கு ஆபத்தாகும் நிலை வந்தால் மார்க்கம் தரும் சலுகை பற்றி ஆலிமிடம் கேட்டு நடக்கட்டும்.

அந்தத் தாய் நகையை அடகு வைக்கவில்லை. மகன் அப்ரண்டிஸ் அறிவிப்புக்காகக் காத்திருக்கிறார். விண்ணப்பம் நிரப்பவும், காண்ட்ராக்டர் தரும் கடிதத்தைப் படித்துச் சொல்லவும் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள், கட்டணம் கிடையாது. உழைப்பவனின் கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கச் சொன்னது நம் மார்க்கம். அந்தக் கூலியைக் கேட்டுப் பெற, கையில் காகிதம் இருக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஹலாலான ரிஸ்கையும், போன உடம்போடு திரும்பி வரும் பாதுகாப்பையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.

- செயலாளர்