பெண் பிள்ளைகளின் சீருடையும் பெரியவர்களின் பார்வையும்

 

2022-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், எட்டே நாள் இடைவெளியில் இரண்டு அறிவிப்புகள் வெளிவந்தன. மார்ச் 15 அன்று பெங்களூரில், கர்நாடக உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, முக்காடு இஸ்லாத்தின் இன்றியமையாத கடமை அன்று எனவும், சீருடையை வலியுறுத்திய அரசாணை செல்லும் எனவும் தீர்ப்பளித்தது. மார்ச் 23 அன்று காபூல் நகரில், ஏழு மாதங்களுக்குப் பின் உயர்நிலைப் பள்ளி திறக்கிறது என்று நம்பிப் புத்தகப் பையுடன் வந்த மாணவியர், சில மணி நேரத்திலேயே வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மாணவியரின் சீருடை பற்றி ஷரீஅத்துக்கும் நாட்டு வழக்கத்துக்கும் ஏற்ப முடிவு செய்யப்படும் வரை ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பெண்கள் பள்ளிகள் மூடியே இருக்கும் என்று அவர்களுக்குக் காரணம் கூறப்பட்டது. அதன்பின் ஆண்டுகள் பல கடந்தும் அக்கதவுகள் திறக்கவில்லை.

ஓரிடத்தில், தலையை மூடியதற்காகப் பெண் பிள்ளை வெளியே நின்றாள். மற்றோர் இடத்தில், தலை முதல் கால் வரை மூடியிருந்தும் வெளியே நின்றாள். இரண்டு வாசல்களிலும் அதிகாரம் செலுத்தியோர் அவளது ஆடையைத்தான் பார்த்தனர். அவள் கையிலிருந்த புத்தகத்தை எவரும் பார்க்கவில்லை. சிந்திக்கும் உள்ளங்களுக்கு இதில் பெரும் படிப்பினை உண்டு.

வாசலில் நடந்த கொடுமை

உடுப்பியில் 2021-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய செய்தியை நீங்கள் அறிவீர்கள். அரசு மகளிர் பல்கலைக்கழக முன்படிப்புக் கல்லூரி ஒன்றில் ஆறு மாணவியர் முக்காட்டுடன் வகுப்பில் அமர இசைவு கேட்டனர், மறுக்கப்பட்டது. அது பெண்கள் மட்டுமே பயிலும் கல்லூரி என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. பிரச்சினை பிற ஊர்களுக்கும் பரவியது. காவித் துண்டணிந்த மாணவர்கள் எதிர்முழக்கமிட்டனர். 2022 பிப்ரவரியில் சில நாள்கள் கல்வி நிலையங்களையே மூட நேர்ந்தது. மீண்டும் திறந்தபோது மண்டியாவில், மாணவியரும் ஆசிரியையரும் பள்ளி வாயிலிலேயே, பலர் பார்க்க, பர்தாவைக் கழற்றிய பிறகே உள்ளே விடப்பட்ட காட்சியைத் தொலைக்காட்சிகள் நாடெங்கும் காட்டின.

முக்காட்டைப் பற்றி ஒருவர் எக்கருத்தும் கொண்டிருக்கலாம். ஆனால் வளர்ந்த ஒரு பெண்ணைத் தெருவோரம் நிறுத்தி, ஆடையில் ஒரு பகுதியைக் களையச் செய்து, அதைப் படமும் பிடிப்பது எந்த ஒழுக்க நூலில் ஏற்கத்தக்கது? அதே ஆண்டு ஜூலை 17 அன்று, கேரளத்தின் கொல்லம் மாவட்டம் ஆயூரில் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதச் சென்ற மாணவியரிடம், கொக்கிகளில் உலோகம் இருப்பதாகக் கூறி உள்ளாடையைக் கழற்றச் சொன்ன அவலமும் நிகழ்ந்தது. வழக்குப் பதிவாகிச் சிலர் கைது செய்யப்பட்டனர். கூச்சத்தால் குன்றிப்போய்க் கண்ணீருடன் தேர்வெழுதிய அப்பெண்கள் எல்லாச் சமூகத்தாரின் பிள்ளைகளே. ஆகவே இது நமக்கு மட்டும் உரிய துயரம் என்று எண்ணுதல் பிழை.

உடுப்பி வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2022 அக்டோபர் 13 அன்று நீதிபதி ஹேமந்த் குப்தா மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். நீதிபதி சுதான்சு துலியா அவற்றை ஏற்றார். முக்காடு ஒரு பெண்ணின் சொந்தத் தேர்வு என்றும், பெண் குழந்தையின் கல்வியே தமது சிந்தையில் முதன்மையாக நின்றது என்றும் அவர் தம் தீர்ப்பில் தெளிவாக்கினார். இருவரும் மாறுபட்டதால் வழக்கு பெரிய அமர்வின் முடிவுக்கு விடப்பட்டது. நீதிமன்றம் காலத்தை எடுத்துக்கொள்ளலாம். பதினாறு வயதுப் பெண்ணின் படிப்புக்கு அவ்வளவு காலம் இல்லை.

பழைய கதை

தமிழ் மண்ணுக்கு இது புதிதன்று. அன்றைய தென் திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டப் பகுதியில், நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்று உயர் சாதியார் தடுத்தனர். மீறி அணிந்த பெண்களின் தோள்சீலை சந்தைகளில் கிழிக்கப்பட்டது. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859-இல்தான் அப்பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள மன்னரின் ஆணை கிடைத்தது. அப்போதுங்கூட, உயர் சாதிப் பெண்களைப் போல் அணியலாகாது என்ற நிபந்தனை அதில் இருந்தது.

மறைக்காதே என்பதும், இப்படித்தான் மறைக்க வேண்டும் என்று கோல் எடுத்து அளப்பதும் ஒரே கையின் இரு வேலைகள். பெண்ணுடல் அவளுக்கு உரியது, அல்லாஹ் அவளிடம் ஒப்படைத்த அமானிதம் என்பதை மறந்து, அதை ஊரார் தீர்ப்புக்கு வைக்கப்பட்ட பொருளாகக் கருதும் மனமே இரண்டுக்கும் வேர்.

சந்தை செய்யும் தீங்கு

இதே மனத்தின் மூன்றாவது வடிவம், அழகிய பொட்டலத்தில் சுற்றப்பட்டு நம் வீட்டுக்குள்ளேயே வருகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு உதட்டுச் சாயம். முதுகு தெரியும் வலைத்துணிச் சட்டை. திரைப்படப் பாட்டுக்கு வயதுவந்த பெண்ணைப்போல் இடுப்பசைத்து ஆடவைத்துக் கைப்பேசியில் படமெடுத்து உலகுக்கு அனுப்புதல். பெருநாள் துணியெடுக்கக் கடைக்குச் செல்லும் தாய்மார்களே! பிள்ளையின் வயதுக்கேற்ற ஆடையைத் தேடி நீங்கள் எத்தனை கடை ஏறி இறங்குகிறீர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு ஒன்று 2007-இல் இதுபற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. விளம்பரம், பாடற்காட்சி, விளையாட்டுப் பொம்மை, உடை ஆகியவை சிறுமியரைப் பாலியல் கவர்ச்சிப் பொருளாகக் காட்டுவதால், அவர்கள் தம் மதிப்பைத் தோற்றத்தால் மட்டும் அளக்கத் தொடங்குகிறார்கள் என்றும், மனச்சோர்வு, உணவு வெறுப்பு, தன்னிழிவு முதலியவற்றுக்கு அது வழிகோலுகிறது என்றும் அக்குழு எச்சரித்தது.

1998-இல் வெளியான ஓர் ஆய்வும் நம் கவனத்துக்குரியது. கல்லூரி மாணவ மாணவியரைத் தனித்தனி அறையில், சிலருக்கு நீச்சல் உடையும் சிலருக்குக் கம்பளிச் சட்டையும் அணியக் கொடுத்து, கணக்குப் போடச் சொன்னார்கள். நீச்சல் உடையிலிருந்த பெண்கள் கணக்கில் பின்தங்கினர். ஆண்களிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. அறையில் அவர்களைப் பார்க்க எவரும் இல்லை. இருந்தும் பிறர் கண்ணால் தம்மைத் தாமே பார்த்துக்கொண்டிருந்ததால் மனம் கணக்கில் நிலைக்கவில்லை என்பது ஆய்வாளர் முடிவு.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் எளியது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் உடை, காலையில் அணிந்தபின் மாலை வரை அவள் மறந்துவிடத் தக்கதாக இருக்க வேண்டும். கவர்ச்சிக்காகத் தைத்த உடை அவளை மறக்க விடாது. அவ்வாறே, துப்பட்டா நழுவியதா, முடி தெரிகிறதா என்று நாளெல்லாம் அதட்டிக்கொண்டிருக்கும் கண்டிப்பும் அவளை மறக்க விடாது. வாசலில் நின்று கழற்று என்று சொல்லும் காவலரும் மறக்க விடமாட்டார்.

மார்க்கம் முதலில் யாரிடம் பேசுகிறது?

திருமறையின் அந்நூர் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். பெண்களின் முக்காடு பற்றிக் கூறும் 31-ஆம் வசனத்துக்கு முன்பாகவே, 30-ஆம் வசனத்தில் இறைநம்பிக்கை கொண்ட ஆண்களிடம் பார்வையைத் தாழ்த்துமாறும் கற்பைக் காத்துக்கொள்ளுமாறும் வல்ல அல்லாஹ் கட்டளையிடுகின்றான். நம் மேடைகளிலோ 31-ஆம் வசனம் ஒலிபெருக்கியில் முழங்குகிறது. 30-ஆம் வசனம் மெல்லிய குரலில் கடந்து போகிறது.

புகாரியில் பதிவான ஒரு நிகழ்ச்சி. இறுதி ஹஜ்ஜின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாகனத்தில் அவர்களுக்குப் பின்னால், சிறிய தந்தையின் மகனார் ஃபள்லு இப்னு அப்பாஸ் (ரலி) அமர்ந்திருந்தார். கஸ்அம் குலத்துப் பெண்மணி ஒருவர் வந்து, வாகனத்தில் அமர இயலாத முதிய தம் தந்தைக்காகத் தாம் ஹஜ் செய்யலாமா எனக் கேட்டார். இளைஞரான ஃபள்லு அப்பெண்ணையே நோக்கினார். நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? ஃபள்லின் முகத்தைத் தம் கையால் மறுபுறம் திருப்பினார்கள். பெண்மணியின் வினாவுக்கு, செய்யலாம் என விடையளித்தார்கள். கேள்வி கேட்க வந்தவரை அவர்கள் திருப்பி அனுப்பவில்லை.

பெண் கல்விக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டுதல் வேறென்ன வேண்டும்? அறிவு தேடி வந்தவளுக்கு விடை. தவறாகப் பார்த்தவனுக்குத் திருத்தம். முக்காடு மார்க்கக் கடமை என்பதில் நமக்கு ஐயமில்லை. பருவமடைந்த பெண் அதனைப் பேணட்டும். ஆயினும், ஆண் மகனின் கண்ணுக்குரிய பொறுப்பையும் சேர்த்து அவள் தலையில் ஏற்றுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

குற்றம் எங்கே இருக்கிறது?

2021 மே மாதம் சென்னையில் பெயர்பெற்ற ஒரு தனியார் பள்ளியின் ஆசிரியர், மாணவியரிடம் தகாத முறையில் நடந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானார். இணையவழி வகுப்புக்கு அவர் இடுப்பில் துண்டுடன் தோன்றினார் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அப்பிள்ளைகள் தத்தம் வீட்டில், பெற்றோரின் கூரைக்குக் கீழ் அமர்ந்து பயின்றவர்கள். அவர்களுடைய ஆடையில் என்ன குறை காண முடியும்? இதனையடுத்துத் தமிழக அரசு, பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்புக் குழு அமைக்கவும், இணைய வகுப்பில் ஆசிரியரும் முறையான உடையில் தோன்றவும் நெறிமுறை வகுத்தது. சீருடை விதி ஆசிரியருக்கும் உண்டு என்று அரசு எழுதிச் சொல்ல வேண்டிய நிலை வந்தது!

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை என்ன அணிந்திருந்தது என்று கேட்பதில்லை. உடைக்கு மேல் தொட்டால் இச்சட்டப்படி பாலியல் தாக்குதல் ஆகாது என்ற பம்பாய் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பை, 2021 நவம்பர் 18 அன்று உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. தீய எண்ணமே குற்றத்தின் உயிர் என்று அது விளக்கியது.

நம் கரையில் நாம் செய்யத்தக்கவை

சாயல்குடியை அடுத்த வாலிநோக்கம், மாரியூர் உப்பளங்களில் பாடுபடும் பெண்களைக் கண்டிருப்பீர்கள். சேலைக்கு மேல் ஆணின் முழுக்கைச் சட்டை. தலையில் வெயிலுக்குச் சுற்றிய துணி. அவர்களில் இந்துவும் கிறிஸ்தவரும் உண்டு. வேலைக்கும் வெயிலுக்கும் ஏற்ற உடை என்பதால் அதை யாரும் வழக்காக்குவதில்லை. படிப்பும் ஒரு வேலையே. அதற்கேற்ற உடையைப் பிள்ளைக்குத் தருவது அவ்வளவு கடினமன்று. நம் கரையின் வெயிலுக்கு நைலான் துணி வேண்டாம். பருத்தியில், ஓராண்டு வளர்ச்சிக்கும் இடம்விட்டுத் தளர்வாகத் தைத்த சுடிதாரும், சீருடை நிறத்திலேயே ஊசி குத்திய முக்காடும் போதுமானவை.

பள்ளியில் இடையூறு நேர்ந்தால் பிள்ளையை உடனே வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். நம் தாய்மார்கள் அங்கே சென்று அமருங்கள். எழுத்தில் கேளுங்கள், பண்புடன் பேசுங்கள். முக்காடும் கடமை, கல்வியும் கடமை. இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற அலைய வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை வெட்டுவது, இரு கண்ணில் ஒன்றைக் காக்க மற்றதைக் குத்துவது போன்றது. 1988-இல் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி எழுந்தபோது, நம் சமுதாயப் பெரியவர்கள் செய்த அலைச்சல் இத்தகையதே. அதன் பயனை எத்தனையோ குடும்பங்கள் அனுபவித்து வருகின்றன.

இறுதியாக, ஆண் பிள்ளைகளைப் பெற்ற வாப்பாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். மகள் பள்ளிக்குப் புறப்படும்போது அவளை மேலும் கீழும் பார்க்கிறீர்கள். மகன் புறப்படும்போதும் ஒரு சொல் சொல்லுங்கள். பேருந்து நிறுத்தத்தில் கண்ணை எங்கே வைக்க வேண்டும், எவருடைய படத்தைக் கைப்பேசியில் அனுப்பக் கூடாது, தோழன் ஒருவன் தகாததைப் பேசினால் எப்படி எழுந்து விலக வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். மக்தபில் நாங்களும் அந்நூரின் 30-ஆம் வசனத்தைப் பொருளுடன் மனனம் செய்விக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நம் பெண் மக்கள் கண்ணியத்துடன் உடுத்தி, அச்சமின்றிப் பள்ளிப்படி ஏறி, பாடத்தில் மனம் ஊன்றிக் கற்றுத் திரும்ப வல்ல நாயன் அருள்புரிவானாக! நம் ஆண் மக்களுக்குத் தாழ்ந்த பார்வையையும் உயர்ந்த உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.