உடைக்கத் தேவையில்லாத சர்க்கரை

நம் உடம்பில் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்தில் கரைந்திருக்கும் குளுக்கோஸை எல்லாம் திரட்டினால் எவ்வளவு தேறும்? டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் 5 கிராம். ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான்! மூளை மட்டுமே ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இதே அளவைச் செலவழித்துவிடுகிறது. கல்லீரல் ஓயாமல் ஈடுகட்டுவதால் நமக்கு இது தெரிவதே இல்லை.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் சில வகை மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் இந்தக் கணக்கு சிலசமயம் தவறிவிடும். ஊசி போட்டாயிற்று, சாப்பாடு தள்ளிப்போகிறது. அளவு 70க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. பேச்சில் 'லோ சுகர்'. கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். இவை பெரும்பாலும் அட்ரினலினின் வேலை. மூளை தடுமாறுவதற்கு முன்பே உடம்பு விடுக்கும் எச்சரிக்கை. டொரொண்டோவில் இன்சுலினைத் தூய்மைப்படுத்திக்கொண்டிருந்த ஜேம்ஸ் காலிப், 1921-22 குளிர்காலத்திலேயே இந்த ஆபத்தைப் பார்த்துவிட்டார். மருந்து ஏற்றிய முயல்கள் வலிப்பு வந்து விழுந்தன. குளுக்கோஸ் கொடுத்ததும் தேறின.

இன்று அந்த வேலையைச் செய்வது மென்று சாப்பிடும் ஒரு மாத்திரை. பொதுவாக ஒன்றில் 4 கிராம் குளுக்கோஸ். 15 கிராம் அளவுக்கு நாலு மாத்திரை மென்று விழுங்கி, 15 நிமிடம் கழித்துச் சோதித்து, இன்னும் 70க்குக் கீழே இருந்தால் மறுபடி அதே அளவு.

அதற்கு ஏன் தனி மாத்திரை, சாக்லேட் போதாதா? சாக்லேட்டின் கொழுப்பு இரைப்பையிலேயே உணவைத் தாமதப்படுத்தும். வீட்டுச் சர்க்கரையோ இரட்டை மூலக்கூறு: பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். சிறுகுடல் சுவரில் இருக்கும் நொதி, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம், முதலில் அதை இரண்டாக வெட்டியாக வேண்டும். குளுக்கோஸ் மாத்திரையில் வெட்ட எதுவுமே இல்லை.

நாக்கில் இனித்தாலும் அது ரத்தத்துக்குள் நுழையும் வாசல் சிறுகுடல்தான். அங்கே, பொருள்களைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் கடத்துப்புரதம் ஒன்று, இரண்டு சோடியம் அயனிகளோடு ஒரு குளுக்கோஸைச் சேர்த்து உள்ளே இழுக்கிறது. செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. அதனால் வெளியிலிருந்து முண்டியடித்து நுழையும், கூடவே குளுக்கோஸும் போகும். உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் பிராகாவில் முன்வைத்த கருத்து இது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் உப்போடு குளுக்கோஸ் சேர்ந்திருப்பதும் இதனால்தான்.

நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் போடக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அவருக்கு வேண்டியது மருத்துவ உதவி, ரத்தச் சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் ஊசி அல்லது சிரை வழிக் குளுக்கோஸ்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. நம் ஊரில் பரவலாக எழுதித் தரப்படும் வோக்ளிபோஸ் மாத்திரை, சர்க்கரையை வெட்டும் அந்த நொதியையே தடுப்பது. இன்சுலினோடு அதையும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இறங்கினால், வாயில் போட்ட மிட்டாய் குடலில் வெட்டுப்படாமல் தேங்கிக் கிடக்கும். அவர் பையில் இருக்க வேண்டியது குளுக்கோஸேதான்.