ராஜா தின்றால் விருந்து, நாம் தின்றால் இழிவா?

போன ஞாயிற்றுக்கிழமை சாமல்பட்டியில் எங்கள் தெருத் திண்ணையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் தம்பி ஒருவன் லீவில் வந்திருந்தான். அவன் செல்போனில் ஒரு தொடரைப் போட்டுக் காட்டினான். எபிக் தொலைக்காட்சியின் 'ராஜா ரசோய் அவுர் அன்ய கஹானியான்' என்ற இந்தித் தொடர் அது. அரசர், அடுக்களை, பிற கதைகள் என்று பொருள். பழைய அரண்மனைகளின் சமையலைப் பற்றிய ஆவணத் தொடர்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வெள்ளித் தட்டு, குங்குமப்பூ, நெய், தணலில் வேகும் வேட்டைக் கறி. சமையற்கலைஞர்களும் அரச குடும்பத்து வாரிசுகளும் பாட்டன் காலத்துப் பக்குவத்தைச் சொல்கிறார்கள். பக்கத்தில் இருந்த எண்பது வயது ஆயா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நாம குடலு கழுவுனா மூக்கப் பொத்திக்கிட்டுப் போறாங்க. ராசா ஊட்டுல கழுவுனது ஆரு கண்ணு?"

அந்தக் கேள்வியை வைத்துத்தான் இந்த வாரக் கட்டுரை.

அரச சமையலைப் பற்றிய பழைய நூல்களில் முக்கியமானது 'மானசோல்லாசம்'. நமக்கு எல்லையில் இருக்கும் கர்நாடகத்தில், கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு 1126 முதல் 1138 வரை ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் உள்ள சமஸ்கிருத நூல். இட்லிக்கும் தோசைக்கும் வடைக்கும் பூர்வீகம் தேடுகிறவர்கள் இந்த நூலைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். அதே நூலில் வேறு பக்குவங்களும் இருக்கின்றன. ஆட்டு ரத்தத்தில் செய்த பதார்த்தம் இருக்கிறது. குடலுக்குள் மசாலா அடைத்துச் சுட்டது இருக்கிறது. வயலிலும் ஆற்றங்கரையிலும் பிடித்த எலியைக் கொதிக்கும் எண்ணெயில் இட்டு மயிர் நீக்கி, கம்பியில் குத்தி நெருப்பில் வாட்டும் முறையும் இருக்கிறது. மன்னன் விரும்பிய உணவுகள் இவை.

இட்லியை எடுத்துக்கொண்டவர்கள் எலியை ஏன் விட்டுவிட்டார்கள்? அறுவடை முடிந்த வயலில் வளை தோண்டி எலி பிடிக்கும் இருளர் வீட்டுப் பிள்ளையைப் பள்ளியில் கேலி செய்கிறோமே, அந்தப் பிள்ளை தின்பது ஒரு பேரரசன் தின்ற உணவு என்று எந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்தோம்? பண்டம் ஒன்றுதான். தின்பவனின் சாதியைப் பார்த்து அது விருந்தாகவோ இழிவாகவோ ஆகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. ராஜஸ்தான் அரண்மனைச் சமையல் என்றதும் நெய்தான் நினைவுக்கு வரும். அம்பேத்கர் 1936-இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா கிராமத்தில் நடந்ததைப் பதிவு செய்கிறார். புனித யாத்திரை முடித்து வந்த தீண்டப்படாதவர் ஒருவர் தன் மக்களுக்கு விருந்து வைத்தார். அதில் நெய் ஊற்றினார். அவ்வளவுதான் குற்றம். ஊரார் தடிகளோடு வந்து சாப்பாட்டைப் பாழாக்கி, சாப்பிட வந்தவர்களை அடித்து விரட்டினார்கள். நெய் வாங்கக் காசு இருந்தது. தின்ன உரிமை இல்லை. அரண்மனை நெய்யின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் சக்வாரா நெய்யையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு வரலாறு.

நம் தமிழ் என்ன சொல்கிறது? முதுகலையில் நான் படித்த சிறுபாணாற்றுப்படையில் இரண்டு அடுக்களைகள் வருகின்றன. ஒன்று, கிணைப்பறை கொட்டும் குடும்பத்தின் அடுக்களை. அங்கே ஈன்ற நாய் படுத்திருக்கிறது, குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. சுவரைக் கரையான் அரித்திருக்கிறது. அந்த வீட்டுப் பெண் குப்பைமேட்டில் நகத்தால் கிள்ளி வந்த கீரையை உப்பில்லாமல் வேக வைக்கிறாள். பார்ப்பவர் பழிப்பார்களே என்று கூசி, கதவை அடைத்துக்கொண்டு குடும்பத்தோடு தின்கிறாள். இன்னொன்று, நல்லியக்கோடனின் அரண்மனை. அங்கே பீமனின் மடைநூல் முறைப்படி சமைத்த உணவைப் பொற்கலத்தில் இட்டு, மன்னனே நின்று பரிமாறுகிறான். அந்த அரண்மனைச் சோற்றைப் பாடிய புலவர் நத்தத்தனார் உப்பில்லாக் கீரையையும் பாட மறக்கவில்லை. இன்றைய கேமரா அரண்மனைக்குள் மட்டும் போய்விட்டுத் திரும்பிவிடுகிறது.

நம் பகுதியை ஆண்ட தகடூர் அதியமானையும் நினைத்துக்கொள்ளலாம். அவன் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல், அவன் எவ்வளவு உண்டான் என்று பேசவில்லை. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், கறி இருக்கும் இடமெல்லாம் எங்களுக்குத் தருவான், சோறு குறைவாக இருந்தாலும் பலரோடு பகிர்ந்தே உண்பான் என்றுதான் அழுகிறார். பந்தியில் யாரை உட்கார வைத்தான் என்பதே அன்று அரசனுக்கு அளவுகோல்.

இன்றைக்குப் பந்தி எப்படி இருக்கிறது? 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். 2015-இல், மாட்டுக்கறியையும் சாதியையும் பற்றி மும்பை டாடா சமூக அறிவியல் கழக மாணவர்கள் எடுத்த 'காஸ்ட் ஆன் தி மெனு கார்டு' ஆவணப்படத்தை டெல்லி விழாவில் திரையிட மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அனுமதி தரவில்லை. ராஜாவின் வேட்டைக் கறி வீட்டு வரவேற்பறை வரைக்கும் வருகிறது. சேரியின் கறிக்குத் திரையும் இல்லை.

என் மகள் ஏழாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் ரத்தப் பொரியல் வைத்து அனுப்பினேன். டப்பா திறக்காமல் திரும்பி வந்தது. "இனிமே தக்காளி சோறே போதும்மா" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சிறுபாணாற்றுப்படைப் பெண் அடைத்த கதவை என் பிள்ளை டப்பா மூடியில் அடைத்துக்கொண்டாள்.

கதவைத் திறக்கும் வேலையைச் சிலர் தொடங்கிவிட்டார்கள். மராத்தியில் ஷாஹூ பட்டோலே தன் மக்களின் சமையலை 2015-இல் நூலாக்கினார். 2024-இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. எண்ணெயும் மசாலாவும் வாங்க வழியில்லாத வீடுகளில், கிடைத்ததை வைத்து எப்படி ருசி கண்டார்கள் என்பதை அது சொல்கிறது.

நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். போட்டி கழுவிச் சுண்ணாம்பில் வெளுக்கும் பக்குவம், கொடியில் காயப்போடும் உப்புக்கண்டம், மழை விட்ட மாலையில் பிடித்து வறுக்கும் ஈசல், களிக்குத் தொட்டுக்கொள்ளும் நத்தைக் குழம்பு. இவையெல்லாம் தெரிந்த ஆயாக்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஓசூர் பஸ் ஏறும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கையில் இருக்கும் அதே செல்போனில், அடுத்த லீவில் உங்கள் ஆயாவைப் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். பெயர், ஊர், பக்குவம், அந்த உணவுக்காகப் பட்ட அவமானம் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லுங்கள். பசிக்குத் தின்றது என்று வெட்கப்பட வேண்டாம். பசியிலும் ருசி கண்ட கை அது.

அன்று தொடர் முடிந்ததும் ஆயா எழுந்து அடுப்படிக்குப் போனார். கிளறி வைத்த களியை உருட்டிக்கொண்டே அந்தத் தம்பியிடம் சொன்னார்: "அந்த ராசா ஊட்டுக்காரங்க எப்பவாச்சும் இந்தப் பக்கம் வந்தா கூட்டியா கண்ணு. நம்ம ஊட்லயும் ஒரு வாய் தின்னுட்டுப் போவட்டும்."